உபகரண நலன் உத்தியோகத்தர்

பிரியவதனி செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். குறைமாதக் குழந்தைகளை இருபத்து மூன்று வருடம் தாதியாகப் பார்த்த பிறகு, இனி எனக்கு வேறு வேலை தாருங்கள் என்று எழுத்தில் கேட்டுவிட்டாள். வாயால் கேட்டிருந்தால் ஒருவரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். அவளும் வழமைபோல வேலைக்குப் போய் வந்திருப்பாள். எழுத்தில் கேட்டதால் அலுவலகத்தில் அவளுடைய பெயரில் ஒரு பைல், ஒரு கோவை, திறக்கப்பட்டது. கோவை ஒன்று திறந்தால் அதற்குள் ஆரையாவது போட்டு மூடும்வரைக்கும் அலுவலகத்துக்குச் சாப்பாடு இறங்காது.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. குழந்தையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியான இன்கியுபேற்றரின் பக்கவாட்டில் இரண்டு வட்ட ஓட்டை இருக்கும். அதற்குள் கைகளை விட்டு, முதுகைக் கூனி, ஒரு விரல் தடிப்பான கையில் ஊசி ஏற்றவேண்டும். அப்படிக் கூனிக் கூனி இடுப்பில் இரண்டு எலும்பு ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டுவிட்டது. காது இன்னொரு கதை. மெஷின்களின் அலாரம் உள்ளே புகுந்து அங்கேயே குடியிருந்தது. வேலணை வீட்டில் குக்கர் கத்தினாலும் அவளுடைய கை எழும்பிச் சுவரில் ஏதோ ஒரு பொத்தானைத் தேடும்.

அவளுடைய புருசன் செல்வரத்தினம் தோட்டத்தில் வெங்காயம் போடுகிற மனிசன். அதிகம் பேசமாட்டார். அவரே ஒருநாள் சொல்லிவிட்டார்.

"உமக்கு வேலை செய்தது காணும், விட்டிடும் வதனி. நேற்று நித்திரையிலை என்ர நெஞ்சிலை கையை வைச்சு மூச்சை எண்ணினீர். பதினாறு எண்டு சொல்லிப்போட்டு, காணாது எண்டு என்ர உள்ளங்காலைச் சுண்டினீர்."

மூச்சை மறந்துபோகிற குறைமாதக் குழந்தைக்கு உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வரும். ஐம்பத்து நாலு வயது வெங்காயக்காரருக்குக் கோபம்தான் வரும். ஆகவே அவள் விண்ணப்பம் எழுதினாள். பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் தீவுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், எங்கே நோகிறது என்று வாய் திறந்து சொல்லக்கூடிய நோயாளிகளைப் பார்க்க விடுங்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

விண்ணப்பம் 'அனுபவ அளவீட்டுச் சபை' என்ற ஒன்றுக்குப் போனது. அப்படி ஒரு சபை இருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. சபைக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததென்றும் கதை.

நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் நிகழ்ச்சிநிரல் அச்சடித்திருந்தார்கள். மங்கள விளக்கேற்றல், இரண்டு நிமிட மௌனம், வரவேற்புரை, தலைமையுரை, நேர்முகம், நன்றியுரை. ஆரை நினைத்து மௌனம் என்று அதில் இல்லை. விளக்கின் ஐந்தாவது திரியை அவளைக்கொண்டே ஏற்றுவித்தார்கள். பிறகு ஒரு கதிரையைக் காட்டினார்கள். இடுப்பு நோவோடு அவள் மெல்ல அமர்ந்தாள்.

தலைவர் டொக்டர் ஆழ்வாப்பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். அதில் ஒரு மடிப்புக்கூடக் குலையவில்லை. அவர் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது எந்த வருடம் என்பது அவருடைய கோவையிலேயே இல்லை. பக்கத்தில் கிளாக்கர் கீர்த்திகன் ஒரு கட்டுப் பதிவேடுகளோடு இருந்தான்.

"நீர் எத்தினை கட்டிலுக்குப் பொறுப்பா இருந்தனீர்?" என்று கேட்டார் தலைவர்.

"கட்டில் இல்லை சேர். இன்கியுபேற்றர். பதினாலு."

"நான் கேட்டது கட்டில்."

"இருபத்து மூண்டு வருசம் சேர் நான்..."

தலைவர் கையை உயர்த்தினார். "இஞ்ச பாரும். இந்தச் சபை அனுபவத்தை வருசத்திலை அளக்கிறேல்லை. வருசம் ஆருக்கும் போகும். ஒண்டும் செய்யாமல் கதிரையிலை இருந்தாலும் போகும். எனக்கே முப்பத்தொரு வருசம் போயிட்டுது. ஆனபடியா நாங்கள் விஞ்ஞான முறைப்படி கட்டிலிலை அளக்கிறம். ஒரு கட்டிலை ஒரு வருசம் பார்த்தால் ஒரு கட்டிலாண்டு. நூறு கட்டிலாண்டு இருந்தால் நீர் அனுபவமுள்ள தாதி. கீர்த்திகன், கட்டில் எண்டால் என்னெண்டு வாசியும்."

கீர்த்திகன் வாசித்தான். "கட்டில் என்பது நான்கு கால்களும் ஒரு மெத்தையும் தலைமாட்டில் நோயாளியின் பெயரும் கொண்டதாகும்."

"இன்கியுபேற்றருக்கும் நாலு சில்லு இருக்கு சேர்" என்றாள் பிரியவதனி.

"சில்லு கால் ஆகாது" என்றார் தலைவர். "சரி, கட்டில் இல்லையெண்டு வைப்பம். நோயாளிகளின்ர பெயரையாவது காட்டும்."

அங்கேயும் சிக்கல். அந்த வார்ட்டில் குழந்தைக்குப் பெயர் எழுதுவதில்லை. "எங்கட சனம் முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த துடக்குக் கழிச்சுத்தான் சேர் பேர் வைக்கிறது. அதுக்கு முன்னம் தாயின்ர பேரைப் போட்டு, இன்னாற்ற பேபி எண்டுதான் எழுதுவம். முப்பத்தொரு நாளுக்குள்ள சிலது வீட்டை போயிடும். சிலது..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப பேர் தாயின்ர. தாய் இருக்கிறது வேற வார்ட்டிலை. நோயாளி அங்கைதானே?"

"சேர், எழுநூறு கிராமிலை பிறந்த பிள்ளை ஒண்டு இப்ப ஓ.எல். சோதினை எழுதிப்போட்டு நிக்கிறான். போன மாசமும் வந்து பார்த்திட்டுப் போனவன்."

"நல்ல சந்தோசம். அவன் எந்தக் கட்டிலிலை இருந்தவன்?"

அந்தப் பிள்ளைக்காகப் பதினாறு வருடத்துக்கு முன் மூன்று நாள் பிரியவதனி வீட்டுக்குப் போகவில்லை. அதை இந்த மனிசனுக்கு எந்தப் பதிவேட்டில் காட்டுவது?

"அப்ப நான் இவ்வளவு காலமும் என்ன சேர் செய்தனான்?"

தலைவர் கீர்த்திகனைப் பார்த்தார். கீர்த்திகன் மூன்று பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கெட்ட செய்தி சொல்கிற குரலில் மெதுவாகச் சொன்னான்.

"கட்டில் பூச்சியம். நோயாளி பூச்சியம். இன்கியுபேற்றர் பதினாலும் உபகரணப் பதிவேட்டிலை இருக்கு. நீங்கள் இருபத்து மூண்டு வருசம் உபகரணம் பராமரிச்சிருக்கிறியள் அக்கா."

நன்றியுரை நடந்தது. கேக் வெட்டித் தந்தார்கள்.

வேலை மாறுவதற்கு முன் மனம் மாறவேண்டுமாம். அதற்காக 'மாற்றத்தை அரவணைப்போம்' என்று இரண்டு நாள் பயிற்சிப்பட்டறைக்கு அவளை அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பொடியன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, வேலைப்பளுவைக் குறைக்க ஒரே வழி மூச்சைக் கவனிப்பதுதான் என்றான். "உங்களில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மூச்சைக் கவனித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பிரியவதனி கையை உயர்த்தவில்லை. அவன் மூச்சு விடுவது கொஞ்சம் வேகமாக இருப்பதை அவள் ஏற்கனவே எண்ணி முடித்திருந்தாள்.

மூன்று மாதத்தில் நியமனக் கடிதம் வந்தது. பதவி: உபகரண நலன் உத்தியோகத்தர், அடைப்புக்குறிக்குள் 'தாதியம் சாராதவர்'. இடம்: தீவு ஆஸ்பத்திரி. கேட்டது தீவு, தீவு கிடைத்தது. வெள்ளை உடுப்புப் போடக்கூடாது. எந்த நோயாளியையும் தொடக்கூடாது. தொட்டால் நியமனம் இரத்தாவதோடு முந்தைய சேவையும் மீளாய்வுக்கு எடுக்கப்படும். மீளாய்வு என்றால் பென்சன் போகலாம். அது கடிதத்தில் இல்லை, ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தீவின் பெயர் இங்கே வராது. வந்தால் அடுத்த கிழமையே ஒரு விசாரணைக் குழு படகேறும். அந்தச் சனத்துக்கு ஏற்கனவே போதுமான குழுக்கள் போய்விட்டன. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து முக்கால் மணி நேரம் படகில் போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஆஸ்பத்திரிப் படகு ஒன்று. அதை ஓட்டுகிறவர் பஸ்ரியாம்பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், ஆறு கட்டில், எல்லாவற்றையும் உண்மையில் நடத்துகிற அற்றென்டன் கமலாதேவி.

பிரியவதனியின் பொறுப்பில் விடப்பட்டவை: தடுப்பூசி வைக்கும் பிறிட்ஜ், ஜெனறேற்றர், பிரஷர் பார்க்கும் கருவி, பெரியாள் தராசு, சின்னாள் தராசு. பிறகு, பூட்டிய அறை ஒன்றில், பிளாஸ்ரிக் உறை கழற்றாத புத்தம்புது இன்கியுபேற்றர்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை விட்டு ஓடிவந்தாளோ அது கடல் கடந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றது.

கமலாதேவிதான் கதையைச் சொன்னாள். "ரொறன்ரோவிலை இருக்கிற எங்கட தீவுச் சனம் காசு சேர்த்து அனுப்பினது மிஸ்ஸி. நாலு வருசமாச்சு. திறப்புவிழா செய்யாமல் பாவிக்க ஏலாதாம். கல்வெட்டிலை ஆற்ற பேர் முதல் வாறது எண்டு இழுபறி. ரொறன்ரோச் சங்கத் தலைவற்றயோ, டொக்டர் ஆழ்வாப்பிள்ளையின்ரயோ? மூண்டு தரம் கல்லு வெட்டி, மூண்டு தரம் உடைச்சாச்சு. ஒரு கல்லு குசினியிலை கிடக்கு. நான் அதிலைதான் தேங்காய் உடைக்கிறனான்."

"நான் இப்ப தாதி இல்லை, மிஸ்ஸி எண்டு கூப்பிடாதேங்கோ கமலாக்கா."

"அது உங்கட சபைக்கு. எனக்கு நீங்கள் மிஸ்ஸிதான்."

இன்கியுபேற்றர் விடயத்தில் அவளுடைய கடமை, கிழமைக்கு ஒருமுறை உறைக்கு மேலே தூசி தட்டிப் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதுவது. முதல் வெள்ளிக்கிழமை தூசி தட்டினாள். எழுதப் போனவளுக்குக் கை வரவில்லை. நாலு வருடம் ஓடாத மெஷின் நலம் என்று எப்படி எழுதுவது? உறையைக் கழற்றினாள். வயரைக் கொழுவினாள். ஒரு மணி நேரத்தில் உள்ளே கதகதப்பு வந்தது. கையை விட்டுப் பார்த்தாள். பிறகு நிறுத்தி, உறையைப் போட்டு, 'நலம்' என்று எழுதினாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இதுதான். தனக்குத் தெரிந்தவரை சபையில் உண்மை எழுதப்படும் ஒரே பதிவேடு இதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

நோயாளியைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். இரண்டாவது கிழமை அப்புத்துரை என்ற கிழவனார் கிளினிக் வாசலில் தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டார். டொக்டர் ஊர்காவற்றுறையில் ஒரு கூட்டத்தில். பிரியவதனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பிரஷர் கருவியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஐயா, இந்தக் கருவி சரியா வேலை செய்யுதோ எண்டு பார்க்கவேணும். ஒருக்காக் கையைத் தருவியளோ?"

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. கிழவனாரின் பிரஷர்தான் தாறுமாறாக இருந்தது. "கருவியிலை பிழை இல்லை ஐயா. நீங்கள் காலமைப் பிரஷர்க் குளிசை போடேல்லைப்போல" என்றாள். அவர் மறந்துவிட்டிருந்தார்.

அடுத்த கிழமை கருவியைச் சரிபார்க்கப் பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள். அதற்கடுத்த கிழமை பெரியாள் தராசைச் சோதிக்கக் கர்ப்பிணிகள், சின்னாள் தராசைச் சோதிக்கக் கைக்குழந்தைகள். அந்தத் தீவில் உள்ளவை மாதிரி அத்தனை தடவை சோதிக்கப்பட்ட கருவிகள் இலங்கையில் வேறெங்கும் இருக்காது.

தராசைச் சோதிக்க வந்தவர்களில் ஒருத்தி நிலக்சனா. இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை, புருசன் கட்டாரில். நிறை மெல்லத்தான் ஏறியது. பிரியவதனிக்கு அது பிடிக்கவில்லை. "இந்தத் தராசு அடுத்த கிழமையும் சோதிக்கவேணும், கட்டாயம் வாரும்" என்று சொல்லி அனுப்புவாள்.

கடைசியில் கல்வெட்டுப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பெயரையும் ஒரே வரிசையில் போட்டு, சபைத் தலைவரின் எழுத்தை அரை அங்குலம் பெரிதாக்கினார்கள். திறப்புவிழாவுக்கு நாள் குறித்து ஆழ்வாப்பிள்ளை சுற்றறிக்கை அனுப்பினார். காலை பத்து மணி. விருந்தினரை ஊர்காவற்றுறைத் துறைக்கே வந்து வைத்திய அதிகாரி மாலையோடு வரவேற்று அழைத்துச் செல்லல் வேண்டும். ஆகவே டொக்டரும் ஆஸ்பத்திரிப் படகும் காலை ஏழு மணிக்கே அக்கரைக்குப் போய்விட்டன. அன்று கிளினிக் கிடையாது. ஆனால் கர்ப்பிணித் தாய்மார் முன்வரிசையில் தெரியும்படி அமர்த்தப்படல் வேண்டும், ரொறன்ரோவில் நேரலையில் பார்ப்பார்கள். ஆகவே தீவின் ஒன்பது கர்ப்பிணிகளும் காலை எட்டு மணியிலிருந்து தகரப் பந்தலுக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகளில் வெந்துகொண்டிருந்தார்கள்.

பிரியவதனி விடியவே இன்கியுபேற்றரைப் போட்டுவிட்டிருந்தாள். திறக்கும்போது உள்ளே வெளிச்சம் எரியவேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. குறுக்கே ஒரு சிவப்புப் பட்டு றிபன். பக்கத்தில் வெள்ளித் தட்டில் புதுக் கத்தரிக்கோல்.

பத்தும் ஆனது, விருந்தினரைக் காணவில்லை. பத்தேகாலுக்கு முன்வரிசையில் நிலக்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கதிரையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கர்ப்பம் முப்பத்தொரு கிழமைதான்.

அக்கரைக்கு அடித்த போனை ஒருவரும் எடுக்கவில்லை. மாலை போடும் நேரமாக இருக்கவேண்டும். கமலாதேவி நிலக்சனாவைக் கட்டிலில் ஏற்றினாள். பிரியவதனி அறை வாசலில் நின்று, கைகளைப் பின்னால் கட்டியபடி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லக்கூடாதென்று கடிதத்தில் இல்லைதானே. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க ஆண் குழந்தை பிறந்தது. உள்ளங்கைக்கு மேலே கொஞ்சம் மிஞ்சுகிற அளவு. நீலமாக இருந்தது.

"மிஸ்ஸி, இது அழேல்லை" என்றாள் கமலாதேவி. அவளுடைய குரல் உடைந்துவிட்டது. "மிஸ்ஸி!"

அந்த நேரத்தில் அவள் எதையும் யோசிக்காமல் பாய்ந்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். யோசித்தாள். பென்சனை யோசித்தாள், இடுப்பை யோசித்தாள், கீர்த்திகனின் பதிவேட்டை யோசித்தாள். ஐந்து செக்கன். அந்த வேலையில் ஐந்து செக்கன் பெரிய நேரம். அதற்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

ஆறாவது செக்கன் குழந்தை அவள் கையில் இருந்தது. துடைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். சின்ன மாஸ்க்கை வைத்து மெல்ல மெல்லக் காற்றை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நீலம் விலகி விரல்நுனிவரைக்கும் சிவப்பு வந்தது. பிறகு பூனைக்குட்டியின் சத்தம் ஒன்று.

"கமலாக்கா, விருந்தாளியளின்ர சாப்பாடு கட்டக் கொண்டந்த லஞ்ச் சீற் புதுசு கிடக்கெல்லோ? எடுத்தாங்கோ."

சூடு வெளியேறாமல் அந்தப் பொலித்தீன் தாளால் குழந்தையைச் சுற்றினாள். தலைக்குக் கமலாதேவியின் பேரப்பிள்ளைக்குப் பின்னிய தொப்பி. பூட்டிய அறைக்கு நடந்தாள். றிபன் குறுக்கே நின்றது. வெள்ளித் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. கைதட்ட ஒருவரும் இல்லை. நாலு வருடமாகத் தூங்கிய இன்கியுபேற்றர் அப்படித்தான் திறந்துவைக்கப்பட்டது.

பதினொன்றரைக்கு ஆழ்வாப்பிள்ளை, கழுத்து நிறைய மாலையோடு, பின்னால் கீர்த்திகனும் போனில் படம்பிடிக்கும் ஒருவருமாக அறைக்குள் வந்தார். முதலில் அவருடைய கண் விழுந்தது றிபனில்தான்.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தான் சேர்."

"நீரோ? திறந்துவைக்கிறது நானெல்லோ! கல்லிலையும் வெட்டிப்போட்டிருக்கு." பிறகுதான் உள்ளே பார்த்தார். "உதென்ன?"

"குழந்தை சேர். ஆயிரத்து முந்நூறு கிராம். டொக்டர் வந்து பார்த்தவுடனை பட்டணத்துக்குக் கொண்டுபோகவேணும்."

தலைவர் சற்று யோசித்தார். நல்ல நிர்வாகி என்றால் எந்த நெருக்கடியிலும் ஒரு தீர்வு காண்பார். "ஒண்டுக்கும் யோசியாதையும். அஞ்சே அஞ்சு நிமிசம். குழந்தையை வெளியிலை எடும். றிபனை ஒட்டிக் கட்டுவம். நான் வெட்டினவுடனை திரும்ப வையும். ரொறன்ரோவிலை சனம் நித்திரை முழிச்சுப் பார்த்துக்கொண்டிருக்கு. அவையளின்ர உணர்வையும் நாங்கள் மதிக்கவேணும்தானே?"

"ஏலாது சேர்."

"என்ன ஏலாது?"

"வெளியிலை எடுத்தால் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் மூச்சை மறந்திடும்."

"நீர் தாதியம் சாராதவர்!" தலைவரின் குரல் உயர்ந்தது. "நோயாளியைத் தொடக்கூடாதெண்டு எழுத்திலை தந்தது. உம்முடைய பென்சனைப் பற்றி யோசிச்சனீரோ?"

பிரியவதனிக்குப் பயம்தான். ஆனால் கைகள் இரண்டும் அந்த வட்ட ஓட்டைகளுக்குள் இருந்தன. அவை நடுங்கவில்லை.

"நோயாளி எங்கை சேர்? கட்டில் இல்லை. தலைமாட்டிலை பேர் இல்லை. உங்கட சபைப்படி இதுக்குள்ளை நோயாளி எண்டு ஒருத்தரும் இல்லை. இது உபகரணம். உபகரணத்துக்கு உள்ளை இருக்கிற எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஓடுற உபகரணத்தை என்ர கையெழுத்தில்லாமல் ஒருத்தரும் திறக்க ஏலாது. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

தலைவர் கீர்த்திகனைப் பார்த்தார். கீர்த்திகன் பதிவேட்டை எடுத்தான். முதலாவதைப் புரட்டினான். இரண்டாவதைப் புரட்டினான். மூன்றாவதைப் புரட்டும்போது அவனுடைய உதட்டோரத்தில் ஏதோ ஒன்று வந்து போனது.

"சேர், சபையின்ர தீர்மானப்படி அவ சொல்லுறது சரி."

இதற்குள் டொக்டர் ஓடிவந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, உடனே கொண்டுபோகவேண்டும் என்றார். படகு விருந்தினருடையது, விழா முடியாமல் எடுக்க ஏலாது என்றார் தலைவர். வாசலில் நின்ற பஸ்ரியாம்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ சேர். நீங்கள் பேசத் தொடங்குங்கோ. நான் அக்கரைக்குப் போட்டு, தேத்தண்ணி குடிச்சு, திரும்பி வரேக்கையும் நீங்கள் பேசிக்கொண்டுதான் நிப்பியள். போன முறை தடுப்பூசிப் பிறிட்ஜ் திறக்க வந்தநேரமும் அப்பிடித்தானே."

டொக்டர் அக்கரைக்கு அம்புலன்ஸைச் சொல்லிவிட்டு ஒட்சிசன் சிலிண்டரோடு படகில் ஏறினார். இன்கியுபேற்றர் படகில் ஏறாது. படகில் ஸ்ட்ரெச்சரைப் போட்டு, அதில் நிலக்சனாவைச் சாய்த்து, அவளுடைய வெறும் நெஞ்சில் குழந்தையைக் கவிழ்த்து வைத்து, மேலே சீலையையும் துவாயையும் சுற்றினாள் பிரியவதனி. தாயின் உடம்பைப்போல ஒரு மெஷின் இன்னும் ஒருவரும் செய்யவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, குழந்தையின் முதுகில் இரண்டு விரலை வைத்தாள். இடுப்பு நெருப்பாக எரிந்தது.

"மிஸ்ஸி, தப்புவானோ?"

"தெரியாது பிள்ளை. மூச்சு விடுறான். எண்ணிக்கொண்டிருக்கிறன். நீர் அசையாதையும்."

மண்கும்பான் பக்கத்திலிருந்து காற்று எழும்பியிருந்தது. இரண்டு தரம் அந்த முதுகு நின்றது. இரண்டு தரமும் அவள் உள்ளங்காலைச் சுண்டினாள். இரண்டு தரமும் அவனுக்கு நினைவு வந்தது. ஊர்காவற்றுறைத் துறை கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் கேட்டாள்.

"பேர் ஏதும் யோசிச்சு வைச்சிருக்கிறீரோ?"

"முப்பத்தோராம் நாள் கழியாமல் எப்பிடி மிஸ்ஸி? மாமியவை பேசுவினம்."

"பேசட்டும். பேர் இல்லாட்டி இவையள் ஆளெண்டு எண்ண மாட்டினம். இப்பவே வையும்."

நிலக்சனா கண்ணை மூடிக்கொண்டாள். "மிதுஷன்."

பிரியவதனி ஒரு துண்டுக் கடதாசியில் மிதுஷன் என்று எழுதி, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் பிளாஸ்ரர் போட்டு ஒட்டினாள்.

தீவில் விழா குறைவின்றி நடந்ததாகக் கமலாதேவி பிறகு சொன்னாள். ஒட்டுப்போட்ட றிபனை வெட்டிவிட்டுத் தலைவர் ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினாராம். "இந்த இன்கியுபேற்றர் இன்று வெறுமையாக நிற்பதைப் பார்க்கிறீர்கள். இதுதான் எங்களுடைய வெற்றி. இந்தத் தீவில் இதற்குத் தேவையே இல்லாத அளவுக்குத் தாய் சேய் நலத்தை நாங்கள் உயர்த்தியிருக்கிறோம்" என்றாராம். முன்வரிசையில் எட்டுக் கர்ப்பிணிகள் கைதட்டினார்களாம். ஒன்பதாவது கதிரையை ஆரோ கழுவிக் காயவைத்திருந்தார்கள்.

ஐம்பத்திரண்டு நாள் கழித்து நிலக்சனா பிள்ளையோடு வந்தாள். சின்னாள் தராசைச் சோதித்தார்கள். இரண்டு கிலோவும் நூறு கிராமும். தராசில் பிழை இல்லை. பிரியவதனி அவனுடைய உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். இந்த முறை சுண்டவில்லை.

அதே நாள் படகில் சபையின் கடிதமும் வந்தது. விசாரணை முடிவு. கமலாதேவிக்குக் கேட்கும்படி பிரியவதனி உரக்க வாசித்தாள்.

'மேற்படி சம்பவத்தில் தலைமாட்டில் பெயருள்ள நோயாளி ஒருவரும், கட்டிலாகக் கருதத்தக்க ஸ்ட்ரெச்சர் ஒன்றும் இருந்தமை, திரும்பி வந்த ஸ்ட்ரெச்சரைப் பார்வையிட்ட கிளாக்கரின் அறிக்கையால் நிரூபணமாகின்றது. ஆகவே தங்களது தாதிய அனுபவம் ஒரு நாள் என இத்தால் அங்கீகரிக்கப்படுகின்றது. மிகுதித் தொண்ணூற்றொன்பது கட்டிலாண்டுகளும் முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் பூர்த்தியானதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். நியமன நிபந்தனையை மீறியமையால் தங்களது முந்தைய சேவை மீளாய்வில் உள்ளது. விழாவின் நேரலையில் தலைவரின் முகம் தெளிவாகத் தெரியாமையால், மறு திறப்புவிழா வரை உபகரணத்துக்குப் புதிய றிபன் கட்டி வைக்குமாறு பணிக்கப்படுகின்றீர்.'

"ஒரு நாளோ?" என்றாள் கமலாதேவி. "இருபத்து மூண்டு வருசத்துக்கு ஒரு நாளோ மிஸ்ஸி?"

பிரியவதனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கடிதத்தோடு வந்த புது றிபனை எடுத்தாள்.

"கமலாக்கா, கிளினிக் லிஸ்டிலை இப்ப எத்தினை கர்ப்பிணியள்?"

"ஆறு. ரண்டு பேருக்கு நிறை ஏறேல்லை."

அவள் இன்கியுபேற்றருக்குக் குறுக்கே றிபனைக் கட்டினாள். சப்பாத்துக் கட்டுவதுபோல இரண்டு காது விட்டு, நுனியை இழுத்தால் கழலுகிற உருவு முடிச்சாகக் கட்டினாள். சின்னவிரலால் ஒருக்கா இழுத்துப் பார்த்தாள். ஒரு செக்கன்கூட எடுக்கவில்லை. திரும்பவும் கட்டினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வயரைக் கொழுவி, உள்ளே சூடு வரும்வரை காத்திருந்து, பதிவேட்டைத் திறந்து, 'நலம்' என்று எழுதினாள்.